‘ரிவர் குவாய்’ படத்தின் செலவும் வரவும்: எந்த எண்ணை நம்புவது?

டேவிட் லீன் இயக்கி 1957-இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்கு எவ்வளவு செலவானது, எவ்வளவு வசூலானது, தேடும் இடமெல்லாம் வேறு வேறு எண் வருகிறதே, அந்தப் பாலத்துக்கு மட்டும் இரண்டரை லட்சம் டாலர் ஆனது உண்மையா என்பதுதான் கேள்வி.

சுருக்கமான பதில் இது. தயாரிப்புச் செலவு சுமார் 28 லட்சம் டாலர். 1960 அக்டோபர் வரை உலகம் முழுவதும் வந்த வருமானம் சுமார் 3 கோடி டாலர். பாலத்துக்கு இரண்டரை லட்சம் என்பது விளம்பரத்துக்காகப் பரப்பிய எண். உண்மையான செலவு அதில் கால்வாசிகூட இல்லை.

இந்தப் படத்தின் பணக்கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எங்கே செலவு செய்தார்கள், எங்கே செய்யவில்லை, வந்த பணம் யார் யாருக்குப் போனது என்று பார்த்தால்தான் ஒரு பெரிய படம் எப்படி லாபம் பார்க்கிறது என்பது புரியும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்கள் ஏன் இப்படி மாறுகின்றன என்பதைப் பார்ப்போம். நம் ஊர் சினிமா வியாபாரத்தில் ‘கிராஸ்’ வேறு, ‘ஷேர்’ வேறு. தியேட்டர் கவுண்டரில் வசூலான மொத்தப் பணம் கிராஸ். தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். 1950-களின் அமெரிக்காவில் பத்திரிகைகள் பெரும்பாலும் இந்த ஷேரைத்தான் வெளியிட்டன. ‘வெரைட்டி’ வார இதழ் ஆண்டுதோறும் போட்ட பட்டியலில் இருந்தது அதுதான். இன்றைய இணையதளங்கள் பலவற்றில் இந்தப் பழைய ஷேர் எண்ணை எடுத்து, கிராஸ் என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது.

குவாய் படத்துக்கு அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து 1.8 கோடி டாலர் வரும் என்று வெரைட்டி முதலில் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டே அதை 1.5 கோடியாகக் குறைத்தது. படம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததால், இனி வரப்போகும் பணத்தையும் ஊகித்துச் சேர்த்த எண்கள் இவை. குறைத்த பிறகும் அதுவரை கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட படங்களில் அதிகம் சம்பாதித்தது இதுதான். 1964-இல் மறுபடியும் திரையிட்டார்கள். அதற்குப் பிறகு வெளியான பட்டியலில் வட அமெரிக்க ஷேர் 1,71,95,000 டாலர் என்று இருந்தது. ஆக, 1.8, 1.5, 1.72 என்று மூன்று எண்கள் கண்ணில் பட்டால் மூன்றும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வெவ்வேறு சமயத்தில் எடுத்த கணக்கு, அவ்வளவுதான். கடைசியாக வந்த 1.72 கோடியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். உலக அளவில் சொல்லப்படும் 3 கோடியும் விநியோகஸ்தர் கைக்கு வந்த பணம்தான். உலகெங்கும் ரசிகர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தத் தொகை இதைவிடப் பல மடங்கு இல்லாவிட்டாலும், நிச்சயம் கணிசமாகக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

இனி செலவு. 28 லட்சம் டாலர் என்பது அன்றைய மாற்று விகிதத்தில் கிட்டத்தட்ட சரியாகப் பத்து லட்சம் பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு 2.80 டாலர். படம் எடுக்கப்பட்ட இலங்கையின் ரூபாயில் பார்த்தால், ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் வீதம் சுமார் 1.33 கோடி. இன்றைய விலைவாசிக்கு மாற்றினால் 3 கோடி டாலரைச் சற்றே தாண்டும். இன்று ஹாலிவுட்டில் அந்தப் பணத்தில் ஒரு நடுத்தரப் படம்தான் எடுக்கலாம். அன்றைக்கும் இது உச்சத்தில் இருந்த பட்ஜெட் கிடையாது. ஓராண்டு முன்பு வந்த ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்துக்குச் சுமார் 1.3 கோடி டாலர் ஆனது. இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘பென்ஹர்’ சுமார் 1.5 கோடி. அந்த அளவுக்குப் பிரம்மாண்டமாகத் தெரிகிற ஒரு படத்தை, அவற்றின் செலவில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய தொகையில் முடித்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, அது எப்படி முடிந்தது என்பது.

பெரிய காரணம் இலங்கை. கதை நடப்பது தாய்லாந்தில். பியர் பூல் 1952-இல் பிரெஞ்சில் எழுதிய நாவல்தான் மூலம். ஜப்பானியர்கள் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட தாய்லாந்து–பர்மா ரயில்பாதை அதன் பின்னணி. ஆனால் உண்மையான இடம் கேமராவுக்கு அவ்வளவாக எடுபடவில்லை. களனி கங்கை ஓரத்தில், கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் போகும் சாலையில் இருக்கும் கித்துல்கலையைத் தேர்ந்தெடுத்தார்கள். மலை நெருக்கி நிற்க, நடுவே ஆறு ஓடும் இடம். ஒரு பக்கக் கரையில் நின்றால் பாலத்தின் முழு நீளமும் சட்டகத்துக்குள் வந்துவிடும். சாலை வசதி இருந்தது, ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், மரம் இருந்தது, மரத்தை இழுக்க யானைகளும் பாகன்களும் இருந்தார்கள், கூலி குறைவு. மருத்துவமனைக் காட்சிகளுக்குக் கல்கிசையில் இருக்கும் மவுண்ட் லவீனியா ஹோட்டலையே பயன்படுத்திக்கொண்டார்கள். ஸ்டுடியோவில் செட் போட்டு ஆயிரம் வேலை செய்ய வேண்டியதை இயற்கையே முக்கால்வாசி செய்து கொடுத்துவிட்டது. பின்னாளில் இலங்கையின் பெயர்பெற்ற தயாரிப்பாளரான சந்திரன் ரத்னம் சிறு வயதில் சினிமா வேலைக்குள் நுழைந்ததும் இந்தப் படப்பிடிப்பின் வழியாகத்தான். பிற்காலத்தில் வெளிநாட்டுப் படக்குழுக்கள் இலங்கையைத் தேடி வந்ததற்கு இந்தப் படம் போட்ட பாதை ஒரு முக்கியக் காரணம்.

சரி, பாலத்துக்கு வருவோம். படத்தில் வருவது மினியேச்சர் கிடையாது. 425 அடி நீளம், சுமார் 90 அடி உயரம், மேலே உண்மையான ரயில் ஓடக்கூடிய அசல் மரப்பாலம். டொனால்ட் ஆஷ்டன் என்ற கலை இயக்குநர் வடிவமைத்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹஸ்பண்ட் அண்ட் கம்பெனி பொறியியல் பொறுப்பை ஏற்றது. நூற்றுக்கணக்கான உள்ளூர்த் தொழிலாளர்களும் யானைகளும் சேர்ந்து பல மாதம் உழைத்து எழுப்பினார்கள். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் இந்தப் பாலத்துக்கு 2,50,000 டாலர் ஆனது என்று சொல்லிப் பத்திரிகைகளில் பரவச் செய்தார். அந்த எண் அப்படியே ஒட்டிக்கொண்டு இன்றுவரை புத்தகங்களிலும் வினாடி வினாக்களிலும் வருகிறது. தயாரிப்புக் கணக்கை ஆராய்ந்தவர்கள் கண்ட எண் சுமார் 52,000 டாலர். அன்றைய இலங்கை ரூபாயில் இரண்டரை லட்சத்தை ஒட்டி வருகிறது.

ஸ்பீகல் ஏன் கூட்டிச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘இரண்டரை லட்சம் டாலர் பாலத்தைக் கட்டி ஒரே நிமிடத்தில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்’ என்ற செய்தியைப் படித்தவன் டிக்கெட் வாங்காமல் இருப்பானா? பணம் கொடுத்துப் போடும் விளம்பரத்தைவிட இது வலுவானது. ஆனால் செலவுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு உண்மையான எண்தான் வியப்பு தரும். மொத்த பட்ஜெட்டில் இரண்டு சதவீதம்கூட ஆகாத ஒரு பொருள், படத்தின் பெயரிலும் போஸ்டரிலும் உச்சக்கட்டத்திலும் நின்று அத்தனை கோடியைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. பட்ஜெட் போடுபவர்கள் படிக்க வேண்டிய பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். செலவு எவ்வளவு என்பது முக்கியம், அந்தச் செலவு திரையில் தெரிகிறதா என்பது அதைவிட முக்கியம். இங்கே போட்ட ஒவ்வொரு டாலரும் பார்வையாளரின் கண்ணில் பட்டது.

அந்தப் பாலத்தைத் தகர்த்த நாள் கிட்டத்தட்ட ஒரு பொருளாதார விபத்தாகவே முடிந்திருக்கும். 1957 மார்ச் 10. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் அதிகாரிகளும் பார்க்க வந்திருந்தார்கள். பல கோணங்களில் கேமராக்களை வைத்து, அவற்றை இயக்குபவர்கள் பாதுகாப்பான பள்ளத்துக்குள் போய்விட்டார்களா என்று ஒவ்வொருவரிடமிருந்தும் சைகை வர வேண்டும் என்று ஏற்பாடு. ரயில் கிளம்பிவிட்டது. ஒரு கேமராமேனிடமிருந்து மட்டும் சைகை வரவில்லை. அவர் உயிரோடு விளையாட முடியாது என்று லீன் வெடியை நிறுத்தச் சொன்னார். ஆளில்லாத ரயில் பாலத்தைக் கடந்து போய், மறுகரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதித் தடம் புரண்டது. இரவோடு இரவாக ரயிலைத் தூக்கி நிறுத்திச் சரிசெய்து, மறுநாள் காலையில் மறுபடியும் ஓட்டித் தகர்த்தார்கள். ஒரே டேக். அது சொதப்பியிருந்தால் பாலத்தின் 52,000 டாலரோடு நஷ்டம் நின்றிருக்காது. மறுபடி கட்ட ஆகும் மாதங்கள், அதுவரை நூற்றுக்கணக்கான பேருக்குத் தர வேண்டிய சம்பளம், நடிகர்களின் தேதி, மழைக்காலம் என்று எல்லாம் சேர்ந்திருக்கும். சூயஸ் கால்வாய் நெருக்கடியால் வழக்கம்போல் கப்பலில் அனுப்ப முடியாமல் அந்தக் காட்சியின் ஃபிலிம் சுருள்களை விமானத்தில் அனுப்ப, அவை வழியில் காணாமல் போய், ஒரு வாரம் கழித்து கெய்ரோ விமான நிலையத்தில் வெயிலில் கிடந்ததாகவும் கழுவிப் பார்த்தபோது ஒன்றும் ஆகாமல் இருந்ததாகவும் ஒரு கதை உண்டு. திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை அது.

செலவென்றால் பணம் மட்டும் இல்லை. படப்பிடிப்பு இடத்துக்குப் போகும் வழியில் நடந்த கார் விபத்தில் உதவி இயக்குநர் ஜான் கெரிசன் இறந்துபோனார். ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் பலத்த காயமடைந்தார். லீனே ஒரு முறை ஆற்றில் அடித்துச் செல்லப்பட இருந்தார், நடிகர் ஜெஃப்ரி ஹார்ன் காப்பாற்றினார். இவையெல்லாம் எந்த பட்ஜெட் தாளிலும் வராதவை. குறைந்த செலவில் முடித்தார்கள் என்று பாராட்டும்போது இவற்றையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அடுத்தது நட்சத்திரம். இந்தப் படத்தின் பணக்கணக்கில் மிகவும் சுவையான பகுதி வில்லியம் ஹோல்டனின் ஒப்பந்தம். நாவலில் ஷியர்ஸ் என்ற பாத்திரம் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. அமெரிக்காவில் படம் ஓட அமெரிக்க நட்சத்திரம் வேண்டும் என்பதால் அவரை அமெரிக்கராக்கி, அன்றைக்கு உச்சத்தில் இருந்த ஹோல்டனைக் கொண்டுவந்தார்கள். இந்தப் படத்தில் கர்னலாக நடித்த அலெக் கின்னஸ் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் அமெரிக்க ஊர்ப்புறத் தியேட்டர்களை நிரப்பும் பெயர் அப்போது ஹோல்டனுடையதுதான். சம்பளத்துக்கு மேல் வருமானத்தில் 10 சதவீதம் என்று அவர் பேசிக்கொண்டார். லாபத்தில் பங்கு என்று பேசியிருந்தால் ஸ்டுடியோவின் கணக்குப்பிள்ளைகள் லாபமே இல்லை என்று காட்டிவிட முடியும். வருமானத்தில் பங்கு என்றால் அந்த வேலை நடக்காது.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. எவ்வளவு சேர்ந்தாலும் ஆண்டுக்கு 50,000 டாலர்தான் கொடுப்பார்கள். இதை ஹோல்டன் தரப்பே விரும்பியது, காரணம் வரி. அன்றைய அமெரிக்காவில் வருமான வரியின் உச்ச விகிதம் 91 சதவீதம். ஒரே ஆண்டில் முப்பது லட்சம் டாலர் கைக்கு வந்தால் அதில் மிகப் பெரும்பகுதி அரசுக்குப் போய்விடும். ஆண்டுக்கு ஐம்பதாயிரமாகப் பிரித்து வாங்கினால் கையில் நிற்பது அதிகம்.

இங்கே ஒரு எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். உலக வருமானம் 3 கோடி டாலர் என்றால் அதில் 10 சதவீதம் 30 லட்சம். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் வீதம் கொடுத்தால் முடிய 60 ஆண்டு ஆகும். ஹோல்டன் 1981-இல், படம் வெளிவந்து 24 ஆண்டு கழித்து இறந்தார். அதுவரை கொடுத்திருக்கக்கூடியது 12 லட்சம். மீதி கொலம்பியாவிடமே இருந்திருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் வட்டி. 30 லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் வட்டி கிடைத்தாலே 60,000 டாலர் வருகிறது. அதாவது முதலைத் தொடாமல், வட்டியிலிருந்தே ஹோல்டனின் ஆண்டுத் தொகையைக் கொடுத்துவிட்டு ஸ்டுடியோ மிச்சமும் பார்க்கலாம். வட்டி விகிதம் 1970-களில் எங்கே போனது என்பது தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு நல்ல வியாபாரம் என்று புரியும். ஹோல்டன் ஏமாந்தார் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரி நிலவரத்தைப் பார்த்து அன்றைக்குக் கிடைத்த நல்ல வழியை அவர் எடுத்தார். ஆனால் காலம் முழுக்க ஸ்டுடியோவின் பக்கம்தான் வேலை செய்தது.

திரைக்கதை எழுதிய இருவருக்கு இப்படி எந்தக் கொடுப்பினையும் இல்லை. கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டில் ஹாலிவுட்டின் தடைப்பட்டியலில் இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அன்றைக்குச் சந்தை விலை கிடைக்காது, பெயரும் போட மாட்டார்கள். படத்தில் திரைக்கதை என்று வந்தது நாவலாசிரியர் பியர் பூலின் பெயர். ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதும் அளவுக்கு ஆங்கிலம் கைவராத அவருக்கே 1958-இல் திரைக்கதைக்கான ஆஸ்கார் போனது. 1984-இல்தான் அகாடமி அந்த விருதை உரியவர்களின் பெயருக்கு மாற்றியது. அப்போது வில்சன் உயிரோடு இல்லை. ஃபோர்மனும் அதே ஆண்டு இறந்துபோனார். குறைந்த செலவு என்று நாம் பாராட்டும் எண்ணுக்குள் இப்படி ஒரு அநியாயமும் அடங்கியிருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசுவது சரியாக இருக்காது.

இனி லாபக் கணக்கு. 3 கோடியில் 28 லட்சத்தைக் கழித்தால் 2.72 கோடி லாபம் என்று போடுவது தப்பு. வந்த 3 கோடியில் விநியோகக் கட்டணம் முதலில் போகும். ஸ்டுடியோக்கள் வழக்கமாக 30 சதவீதத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும். இந்தப் படத்துக்கு அது சுமார் 90 லட்சம். விநியோகித்ததும் கொலம்பியாதான் என்பதால் அந்தப் பணமும் அதே வீட்டுக்குள்தான் போகிறது, ஆனால் கணக்கில் செலவாக நிற்கும். அப்புறம் உலகம் முழுக்கப் பிரிண்ட் போட்டது, விளம்பரம், பல மொழிகளில் டப்பிங், சப்டைட்டில். இதற்கு 40 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன், என் ஊகம்தான். ஹோல்டனுக்கு 30 லட்சம். தயாரிப்புச் செலவு வட்டியோடு 30 லட்சத்துக்குச் சற்று மேல். எல்லாம் போக ஒரு கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் நிற்கிறது. போட்ட ஒரு டாலருக்குச் சுமார் நான்கு டாலர் திரும்பிய மாதிரி, விநியோகக் கட்டணத்தையும் சேர்த்தால் ஏழு. எந்த அளவுகோலில் பார்த்தாலும் இது அபாரம்.

படம் லண்டனில் 1957 அக்டோபர் 2 அன்று வெளியானது, அமெரிக்காவில் டிசம்பரில். 1958 மார்ச்சில் சிறந்த படம், இயக்குநர், நடிகர் உட்பட 7 ஆஸ்கார் விருதுகளை வாங்கியது. டிசம்பரில் அமெரிக்காவில் வெளியிட்டதே அந்த ஆண்டுப் போட்டிக்குள் வரத்தான். படம் பெரிய நகரங்களைத் தாண்டிப் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் விருது கிடைத்தது வசூலுக்குப் பெரிய உந்துதல். பிரிட்டனிலும் அந்த ஆண்டின் முதல் இடம் இதற்குத்தான். போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அங்கே ஒவ்வொரு தெருவிலும் தூர கிழக்கில் சண்டை போட்டவரோ கைதியாக இருந்தவரோ இருந்தார்கள்.

தியேட்டர் வருமானம் ஓய்ந்த பிறகு தொலைக்காட்சி வந்தது. 1966 செப்டம்பர் 25, ஞாயிறு இரவு ஏ.பி.சி. தொலைக்காட்சி இந்தப் படத்தை முழுதாக ஒரே மூச்சில் காட்டியது. ஃபோர்டு கார் நிறுவனம் விளம்பரதாரர். இரண்டு முறை ஒளிபரப்பும் உரிமைக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கொடுத்ததாகச் செய்தி. 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், படத்தின் மொத்தச் செலவில் எழுபது சதவீதம், பிரிண்ட் செலவு இல்லாமல், போஸ்டர் ஒட்டாமல், இரண்டு ராத்திரிக்காக வந்திருக்கிறது. பழைய படங்கள் கிடங்கில் கிடக்கும் சரக்கு என்ற எண்ணத்தை மாற்றியதில் அந்த ஒரு ராத்திரிக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பிறகு தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரிய படங்களுக்குக் கொடுத்த விலை மளமளவென்று ஏறியது.

மற்றப் போர்ப்படங்களோடு ஒப்பிட்டால் குவாய் படத்தின் இடம் இன்னும் தெளிவாகும். நார்மண்டி தரையிறக்கத்தைச் சொன்ன ‘தி லாங்கஸ்ட் டே’ (1962) சுமார் ஒரு கோடி டாலர் செலவில் எடுத்து, வட அமெரிக்க ஷேராக மட்டும் 1.76 கோடி பார்த்தது. நல்ல வெற்றிதான், ஆனால் செலவு மூன்றரை மடங்கு. பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றிய ‘டோரா! டோரா! டோரா!’ (1970) 2.5 கோடி டாலர் விழுங்கி, வட அமெரிக்காவில் 1.45 கோடிதான் ஷேர் கொடுத்தது. அதில் கப்பல்களும் விமானங்களும் ஏராளம், ஆனால் கின்னஸ் நடித்த கர்னல் நிக்கல்சன் போல மனதில் நிற்கும் ஒரு மனிதர் இல்லை. லீனும் ஸ்பீகலும் குவாய் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையில்தான் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்கு (1962) 1.5 கோடி டாலர் கேட்க முடிந்தது. கொலம்பியா கொடுத்தது. அந்தப் படம் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் போட்ட பணத்துக்கு வந்த பணம் என்று பார்த்தால் குவாய்தான் மேல்.

இந்தப் படத்தின் வருமானத்தில் இன்னொரு பகுதி யார் கணக்கிலும் ஏறவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கும் உண்மையான பாலம் குவாய் நதிமேல் இல்லை. அந்த இடத்தில் ஓடியது மே கிளாங் ஆறு. படம் பார்த்துவிட்டு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் ‘குவாய் நதிப் பாலம் எங்கே’ என்று கேட்டு வரத் தொடங்கியதும், 1960-இல் தாய்லாந்து அந்த ஆற்றின் மேல்பகுதிக்கு குவாய் யாய் என்று பெயர் மாற்றியது. இன்றைக்கும் அங்கே நடக்கும் சுற்றுலா வியாபாரம் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. கித்துல்கலையிலும் பாலம் நின்ற இடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், கான்கிரீட் அடித்தளத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

அந்த உண்மையான ரயில்பாதையைப் பற்றியும் பணக்கணக்கோடு ஒன்று சொல்ல வேண்டும். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். படம் இவர்களைப் பற்றியது. ஆனால் அங்கே அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இரண்டு லட்சத்தை ஒட்டி என்றும், அவர்களில் 90,000 பேர் வரை இறந்தார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் ஏராளம். மலேசியத் தமிழர்கள் ‘சயாம் மரண ரயில்’ என்று சொல்வது இதைத்தான். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு மருத்துவர் கிடையாது, அதிகாரி கிடையாது, பெயர் எழுதி வைக்க ஆள் கிடையாது. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பாதையைப் பற்றி உலகம் அறிந்த படத்தில் இந்தத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட வருவதே இல்லை. எனக்குப் பிடித்த படத்தின் மீது எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இது.

போர் முடிந்த பிறகு, 1946-இல் தாய்லாந்து அரசு தன் எல்லைக்குள் இருந்த பாதையைச் சுமார் 12.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. படத்துக்கு ஆன செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம், படம் சம்பாதித்ததில் எட்டில் ஒரு பங்குகூட வராது. அந்தப் பாதைக்காக ஜப்பானியர்கள் மலாயா முதலிய இடங்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளங்களுக்கும் சாமான்களுக்குமான ஈடாகத்தான் அந்தத் தொகை பேசப்பட்டது. தோட்டத்தில் காத்திருந்த குடும்பங்களுக்கு அதில் பங்கு இருக்கவில்லை.